விழிப்புலனற்றோரும் இணையத் தமிழும்: ஒரு மறுப்பு

விழிப்புலனற்ற ஒருவர் கணினி முன் அமர்ந்து இணையத்தைப் பயன்படுத்துகின்றார் என்ற செய்தி தமிழ்ச் சமூகத்திலே இருவகை எதிரொலிகளையே எழுப்பி வருகின்றது. ஒன்று வியப்பு, மற்றையது இரக்கம். வியப்போர் அவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகின்றனர். இரங்குவோர் வெள்ளைப்பிரம்பு தினத்தன்று கணினியொன்றை அன்பளிப்புச் செய்து, அந்நிகழ்வின் படத்தைப் பத்திரிகைக்கு அனுப்பிவைக்கின்றனர். இரு சாராரும் நல்லெண்ணம் படைத்தவர்களே. ஆயினும், அன்பளிப்பாகப் பெற்ற அக்கணினியிலே அம்மாணவர் தமிழில் எதனை வாசிக்கப் போகின்றார் என்ற வினாவை அவர்களுள் எவரும் எழுப்புவதில்லை. பயிற்சி அளித்துவிட்டாற் போதும், எஞ்சியதை அவரே பார்த்துக்கொள்வார் என்பது பொதுவாக நிலவும் கருத்து. சமூகசேவை நிறுவனங்கள் தொட்டுப் பல்கலைக்கழகங்கள் வரை செல்வாக்குப் பெற்றுள்ள இக்கருத்து, பிரச்சினையை அது இல்லாத இடத்திலே தேடுகின்றது. கற்க வேண்டியவர் கற்றுக்கொண்டேயிருக்கிறார். எழுதுவோரும் அச்சிடுவோரும் பக்கம் அமைப்போருமே இன்னும் பாடத்தைத் தொடங்கவில்லை.

இக்கூற்று மிகையெனத் தோன்றலாம். அத்தகையோர் அக்கல்வி எத்தன்மையது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். திரைவாசிப்பான் என்னும் மென்பொருள், திரையிலுள்ள எழுத்துக்களைக் குரலாக மாற்றித் தருவது. அல்லது, புள்ளிகள் எழுந்து தாழும் பிறெயில் காட்டியொன்றுக்கு அவற்றை அனுப்புவது. இவ்வளவும் பலரும் அறிந்ததே. ஆனால், கண் ஒரு பக்கத்தைப் பார்க்கும் முறைக்கும் செவி அதனைக் கேட்கும் முறைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சிந்தித்தவர் சிலரே. கண்ணுக்குப் பக்கம் ஒரு பரப்பு. பெரிய எழுத்து எங்கே, பட்டியல் எங்கே, விளம்பரம் எங்கே என்பதையெல்லாம் அது கணநேரத்தில் அளந்து, வேண்டாதவற்றை ஒதுக்கி, வேண்டியதன்மீது நிலைகொள்கின்றது. செவிக்கோ பக்கம் ஒரு கோடு. அக்கோட்டின் முதற்சொல்லிலிருந்து இறுதிச்சொல் வரை ஒன்றன்பின் ஒன்றாகவே யாவும் வந்துசேரும். ஒரு நாளிதழின் இணையப் பக்கத்திலே செய்திக்கு முன்னால் எழுபது எண்பது இணைப்புகள் அடுக்கப்பட்டிருப்பின், முறை அறியாதவர் அவ்வளவையும் கேட்ட பின்னரே செய்தியின் முதல் வரியை அடைய முடியும்.

ஆகவே, விழிப்புலனற்றவர் இணையத்திற் பயிலும் கலையைத் தாவிச் செல்லும் கலை எனலாம். தொடக்கத்தில் அவர் 'டாப்' விசையை அழுத்தி ஓரிணைப்பிலிருந்து அடுத்த இணைப்புக்கு ஊர்ந்து செல்கிறார். பல பயிற்சி வகுப்புகள் இவ்வளவோடு நின்றுவிடுவதும் உண்டு. சற்று முன்னேறியவர், உலாவும் நிலையில் ஓரெழுத்து விசைகளைப் பழகுகிறார். 'எச்' விசை அடுத்த தலைப்புக்கும், 'கே' அடுத்த இணைப்புக்கும், 'டி' அடுத்த அட்டவணைக்கும் கொண்டுசெல்லும். ஒன்று முதல் ஆறு வரையான இலக்கங்கள் அந்தந்த நிலைத் தலைப்புகளுக்குக் கொண்டுசெல்லும். ஆனால், படிவமொன்றை நிரப்பும் கட்டத்துக்குள் நுழைந்ததும் இதே விசைகள் வெறும் எழுத்துக்களாகிவிடுகின்றன. எந்நிலையில் இருக்கிறோம் என்பதை ஒரு சிறு ஒலிக்குறியால் உணராத புதியவர், தம் பெயரைத் தட்டச்சுச் செய்ய முயன்று பக்கமெங்கும் தாவித் திரிவார். அல்லது, தாவ முயன்று கட்டத்துக்குள் 'எச்' என்ற எழுத்தை நிரப்பி வைப்பார். குரலும் இலகுவிற் பழகுவதன்று. மனிதக் குரலின் இனிமையற்ற அவ்வியந்திர ஒலி முதல் வாரங்களில் வெறும் இரைச்சலாகவே படும். சில மாதங்களின் பின்னர், அருகிலிருப்போருக்கு ஒரு சொல்லேனும் விளங்காத வேகத்தில் அதனை ஓடவிட்டுக் கேட்கும் ஆற்றல் வாய்க்கின்றது. பேசவைப்பதற்கு முன்னர் பேச்சை நிறுத்தப் பழகுவதே இதில் முதற்பாடம் என்பது சுவையான செய்தி. 'கன்ட்ரோல்' விசையை அழுத்தினாற் குரல் அடங்கும் என்பதை அறியாதவரை மாணவர் இயந்திரத்தின் கைதியாகவே இருப்பார்.

மேற்கூறியவை யாவும் கற்போரின் உழைப்பைக் காட்டுவன. ஆனால், 'எச்' விசையை அழுத்திய ஒருவர் தலைப்பைச் சென்றடைய வேண்டுமாயின், அங்கே தலைப்பு ஒன்று இருத்தல் வேண்டும். பெரிய தடித்த எழுத்தில் அமைந்த ஒரு வரி கண்ணுக்குத் தலைப்பாகத் தெரியலாம். இயந்திரத்துக்கு அது மற்றைய வரிகளைப் போன்ற இன்னொரு வரியே. பக்கத்தை ஆக்கியவர் 'இது தலைப்பு' எனக் குறியிட்டாலன்றித் திரைவாசிப்பான் அதனை அறிய மாட்டாது. இக்குறியீடு நேற்றுத் தோன்றியதன்று. 1995இல் வெளியான எச்.ரி.எம்.எல். இரண்டாம் பதிப்பிலேயே ஆறு நிலைத் தலைப்புகளும், படங்களுக்கு மாற்று விவரணம் எழுதும் வசதியும் இடம்பெற்றிருந்தன. 1999இல் உலகளாவிய வலை இணையம் என்னும் தர அமைப்பு, அணுகுநிலை பற்றிய வழிகாட்டியின் முதற்பதிப்பை வெளியிட்டது; 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தி விரிவாக்கப்பட்டது. இத்தனைக்குப் பின்னரும், உலகில் மிகுதியாகப் பார்க்கப்படும் பத்து இலட்சம் முகப்புப் பக்கங்களை ஆண்டுதோறும் ஆராயும் வெப்எய்ம் அமைப்பு, 2024இல் அவற்றுள் 95.9 வீதமானவற்றிலே தானியங்கிச் சோதனைக்கே அகப்படும் குறைபாடுகளைக் கண்டது. எனவே, தமிழ்ப் பக்கங்கள் மட்டுமே குறைபாடுடையன என்று எவரும் வாதிடுவதற்கில்லை. ஆயினும், தமிழ்ப் பக்கங்களுக்கெனத் தனித்துவமான ஒரு குறைபாடு உண்டு. அதனைக் கூறுமுன், இத்தொழினுட்பத்தின் வரலாறு பற்றிச் சில வார்த்தைகள் சொல்வது பொருத்தமாகும்.

இரக்கக் கண்ணோட்டத்தினர், திரைவாசிப்பானைப் பார்வையுள்ளோர் பார்வையற்றோருக்கு அளித்த கொடையாகக் கருதுவது வழக்கம். வரலாறு அதற்கு மாறாகவே பேசுகின்றது. ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ரெட் ஹென்ரர் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டப்பந்தய வீரர். 1978இல் நிகழ்ந்த வாகன விபத்தொன்றிற் பார்வையை இழந்தபின் கணினி நிரலாக்கம் பயின்றார். 1987இல் அவர் கூட்டாகத் தொடங்கிய நிறுவனமே 'ஜோஸ்' என்னும் திரைவாசிப்பானை உருவாக்கியது. யப்பானில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆராய்ச்சியாளராக இருந்த சியேகோ அசகாவா பதினான்கு வயதிற் பார்வையை முற்றாக இழந்தவர். வலைப்பக்கங்களைக் குரலாக்கும் 'ஹோம் பேஜ் றீடர்' 1997இல் அவரது உழைப்பில் வெளிவந்தது. 2006இல் அவுஸ்திரேலியாவிலே மைக்கல் கறன் என்ற விழிப்புலனற்ற இளைஞர், ஜோஸ் போன்ற மென்பொருள்களின் விலை தம்மையொத்தோருக்கு எட்டாதிருப்பதைக் கண்டு, 'என்.வி.டி.ஏ.' என்னும் இலவசத் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். சிறுவயதில் விழிப்புலனற்ற பிள்ளைகளுக்கான இசை முகாமொன்றிற் பழக்கமான ஜேம்ஸ் ரே அவருடன் இணைந்தார். அவரும் விழிப்புலனற்றவரே. ஆயிரம் டொலரை ஒட்டிய விலைக்கு விற்கப்பட்ட ஒரு பொருளுக்கு நிகரானதை எவரும் விலையின்றிப் பெற்றுக்கொள்ளலாம் என்ற நிலை இவ்விருவராலும் ஏற்பட்டது. தொண்டர்களின் உழைப்பால் அதன் இடைமுகம் தமிழிலும் உள்ளது. அதனோடு வரும் 'ஈஸ்பீக்' குரலும் தமிழை வாசிக்கும். கைத்தொலைபேசிகளிலோ 2009 தொடக்கம் திரைவாசிப்பான் உள்ளடங்கியே வருகின்றது. ஆகவே, பணமில்லை, கருவியில்லை என்ற பழைய சமாதானங்கள் வலுவிழந்துவிட்டன.

அவ்வாறாயின், ஈழத்துத் தமிழ் மாணவர் ஒருவர் இக்கருவியைச் செவ்வனே கற்று, பல்கலைக்கழகக் கலைப்பீடத்துக்கும் தெரிவாகி, தம் பாடத்துக்குரிய தமிழ்க் கட்டுரையொன்றைத் திறக்கும்போது நிகழ்வது யாது? பெரும்பாலான வேளைகளில் அவர் செவியில் விழுவது தமிழன்று, ஆங்கிலமுமன்று. 'தமிழ்' என்னும் சொல் அவருக்கு 'ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி' என வந்து சேர்கின்றது. 'அம்மா' என்பதன் அகரம் 'எம்' என்ற ஆங்கில எழுத்தாகின்றது. 'இலங்கை' என்பதன் முதலெழுத்தோ வெறும் காற்புள்ளி. ஆதலால் அது ஒலிக்காமலே போய்விடுகின்றது. பாமினி எழுத்துருவின் விளைவு இது. பாமினியிலும் அதனையொத்த பழைய எழுத்துருக்களிலும் ஆக்கப்பட்ட கோப்பில் உண்மையிற் பதிவாகியிருப்பவை ஆங்கில எழுத்துக்களும் நிறுத்தற்குறிகளுமேயாம். அவற்றின்மேல் தமிழ் வடிவத்தின் படம் போர்த்தப்பட்டிருக்கின்றது. கண் போர்வையைப் பார்க்கின்றது; திரைவாசிப்பான் போர்வையின் கீழுள்ளதை வாசிக்கின்றது. வேடம் கண்ணை மட்டுமே ஏமாற்றும்.

பாமினியைத் தோற்றுவித்தோரையும் பயன்படுத்தியோரையும் இதற்காகக் குறைகூறுதல் வரலாற்றுணர்வற்ற செயலாகும். கணினியிலே தமிழுக்கு இடமேயில்லாதிருந்த காலத்தில், தட்டச்சுப்பொறியிற் பழகிய விரல்களுக்கு இணக்கமான ஒரு வழியை அவர்கள் கண்டனர். போர்க்கால நெருக்கடிகளுக்கிடையே வெளிவந்த எத்தனையோ நூல்களும் சஞ்சிகைகளும் அதனாலேயே சாத்தியமாயின. ஆனால், ஒருங்குறித் தரத்தின் முதற்பதிப்பு 1991இல் வெளியானபோதே தமிழுக்கு அதில் இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. 2008இல் இலங்கைத் தரமாகவும் தமிழ்க் கணினிக் குறிமுறையும் விசைப்பலகையும் எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலக்கத்தில் வரையறுக்கப்பட்டன. பாமினியில் தட்டச்சுச் செய்யப் பழகியோர், அதே விசை ஒழுங்கிலே ஒருங்குறி எழுத்துக்களைப் பெறவும் வழியுண்டு. இதற்குப் பின்னரும் ஆய்வேடுகளும் கருத்தரங்கக் கட்டுரைத் தொகுதிகளும் வினாத்தாள்களும் பாமினியிலேயே ஆக்கப்பட்டு வருவதற்குச் சோம்பலன்றி வேறு காரணம் கூறுதல் அரிது. கணினித் தமிழ் மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்புவோர் சிலர் அக்கட்டுரையையே பாமினியில் அனுப்புவதாகச் சொல்லப்படுவதுண்டு. அது வேடிக்கைக் கதையாகவே இருக்கட்டும். வேடிக்கைக் கதைகளும் ஒரு சமூகத்தின் வழக்கத்தையொட்டியே பிறக்கின்றன.

எழுத்துருவால் விளைவது ஒரு பாதி. படத்தால் விளைவது மறுபாதி. நூலைப் பக்கம் பக்கமாக ஒளிவருடி, படங்களின் தொகுதியாகக் கோப்பாக்குவது இன்று எங்கும் பரவியுள்ளது. விரிவுரையாளர் தம் குறிப்புகளைக் கைத்தொலைபேசியிற் படமெடுத்து மாணவர் குழுவுக்கு அனுப்புவதும் அதன் சிறு வடிவமே. அத்தகைய கோப்பைத் திறந்ததும் திரைவாசிப்பான் 'வெற்று ஆவணம்' என்று சொல்லி மௌனமாகின்றது. இங்கே நூலகம் நிறுவனத்தின் பணியைக் குறிப்பிடாது செல்லுதல் தகாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பரான ஒரு சமூகத்திலே, 2005 முதல் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்திப் பாதுகாத்து வரும் அம்முயற்சியின் அருமை சொல்லில் அடங்காது. அழிவை அஞ்சிய சமூகம் முதலிற் பிரதியெடுக்கவே விரையும். அது இயல்பு, நியாயமும்கூட. ஆயினும், அங்குள்ள பெரும்பகுதி படங்களாகவே இருப்பதால், பாதுகாக்கப்பட்ட அச்செல்வம் பார்வையுள்ளோருக்கே பாதுகாக்கப்பட்டதாகின்றது. 1998இல் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டமோ வேறு வழியைக் கைக்கொண்டது. உலகின் பல திசைகளிலுமிருந்த தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்தனர். அதன் பயனாக, இன்று விழிப்புலனற்ற மாணவர் ஒருவர் சங்கப் பாடலைச் சொற்சொல்லாகத் தேடிக் கேட்க முடிகின்றது. அவரது பல்கலைக்கழகத்திலேயே சென்ற ஆண்டு வெளிவந்த ஆய்விதழைக் கேட்க முடிவதில்லை. ஈராயிரம் ஆண்டுப் பழமை அவருக்குத் திறந்திருக்கின்றது, சமகாலம் மூடிக்கிடக்கின்றது. தமிழ்க் கல்வியுலகைப் பற்றிய கசப்பான விமர்சனம் ஒன்று இதனுள் தானாகவே அமைந்துள்ளது.

இவ்வாதத்தை மறுப்போர் முதலிற் கூறுவது, அத்தகையோர் தொகை மிகச் சிறிதென்பது. 2012ஆம் ஆண்டின் குடித்தொகைக் கணக்கெடுப்பு, நாட்டில் ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டோருமானவர்களில் 8.7 வீதத்தினர் ஏதேனுமொரு வகை இயலாமையுடையோர் எனவும், அவர்களுள் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் பார்வையில் இடர்ப்படுவோர் எனவும் காட்டுகின்றது. இவர்களுட் பெரும்பாலோர் ஓரளவு பார்வையுடையோரே. 2009 வரை நீடித்த போரிலே கண்ணிழந்தோரும் இவர்களுள் அடங்குவர். அவர்களுட் பலர் பள்ளிப் பருவத்தினராகவும் இளைஞராகவும் இருந்தவர்கள். தொகை சிறிதோ பெரிதோ, பல்கலைக்கழகத்திலே அவர்கள் சிலராகவே இருப்பதற்கு வாசிக்க எதுவுமில்லாமையும் ஒரு காரணமென்பதை மறத்தலாகாது. கதவை அடைத்து வைத்துவிட்டு, உள்ளே எவரும் வரவில்லையே என்று கணக்குக் காட்டுவது எவ்வகை நியாயம்?

இரண்டாவது மறுப்புச் சற்று நயமானது. தமிழ் மரபு கேள்விச் செல்வத்தைப் போற்றிய மரபு, திருக்குறளிற் கேள்விக்கெனத் தனி அதிகாரமே உண்டு, அந்தகக்கவி வீரராகவ முதலியார் கண்ணின்றியே காவியம் பாடி யாழ்ப்பாணத்து அரசனிடம் பரிசில் பெற்றதாக மரபு கூறவில்லையா, எனவே பிறர் வாசிக்கக் கேட்டுக் கற்பதே போதும் என்பது. மேடையில் இது கைதட்டலைப் பெறும். ஆனால், பிறர் வாசிக்கக் கேட்போர் அப்பிறருக்கு ஓய்வுள்ள நேரத்திலே, அப்பிறர் தெரிந்தெடுத்த பக்கத்தையே கேட்கின்றனர். பரீட்சைக் காலத்தில் வாசித்துக் காட்டும் நண்பனுக்கும் பரீட்சை உண்டு. அடிக்குறிப்பை வாசிக்கட்டுமா, விடட்டுமா என்று தீர்மானிப்பவன் அவன். சலிப்பூட்டும் பந்தியைத் தாண்டுபவனும் அவனே. இதற்காக அவனைக் குறைசொல்ல முடியாது. அவன் செய்வது பேருதவி. ஆயினும், ஒரு வரியை மூன்று முறை கேட்க விரும்பும் மாணவர், மூன்றாம் முறை கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார். இயந்திரத்திடம் எவருக்கும் கூச்சமில்லை. ஆய்வென்பது தன் விருப்பப்படி முன்னும் பின்னும் புரட்டும் உரிமையிலிருந்தே தொடங்குகின்றது. அவ்வுரிமையை நட்பின் தயவிலே தொங்கவிட்டுக் கேள்விச் செல்வம் பேசுவது மரபைப் போற்றுவதாகாது. அன்றியும், ஒரு வீரராகவரை ஐந்நூறு முறை எடுத்துரைக்கும் சமூகம், அவரைத் தவிர எஞ்சியோருக்கு என்ன நேர்ந்தது என ஒருமுறையும் கேட்டதாகத் தெரியவில்லை.

மூன்றாவது மறுப்பு இன்று புதிதாகக் கிளம்பியிருப்பது. படத்திலுள்ள எழுத்தை இயந்திரமே உணர்ந்து வாசித்துவிடும், செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி எவரும் எதையும் மாற்றத் தேவையில்லை என்பது. எழுத்துணரி மென்பொருள்கள் தமிழில் வியத்தகு முன்னேற்றம் கண்டிருப்பது உண்மையே. தெளிவான அச்சுப் பக்கத்தை அவை பெரும்பாலும் சரியாகவே வாசிக்கின்றன. ஆனால், 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் ஏற்கப்படுவதற்கு முன் அச்சான நூல்களிலுள்ள பழைய ணாகார, றாகார, னாகார வடிவங்களிலும், றோனியோப் பிரதிகளின் மங்கிய மையிலும், இரு பத்திகளாக அமைந்த பத்திரிகைப் பக்கங்களிலும் அவை தடுமாறுகின்றன. தடுமாறுவதினும் ஆபத்தானது, தடுமாறாதது போற் பேசுவது. ஆண்டு மாறியிருக்கும், பெயர் மாறியிருக்கும். குரல் மட்டும் அதே உறுதியுடன் ஒலிக்கும். பார்வையுள்ளவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வார். விழிப்புலனற்றவர் எதனோடு ஒப்பிடுவார்? ஆசிரியரே தட்டச்சுச் செய்த எழுத்து ஏற்கெனவே கோப்பாக இருக்கும்போது, அதனைப் படமாக்கிப் பின் அப்படத்திலிருந்து எழுத்தை ஊகிக்கும்படி இயந்திரத்தை ஏவுவது, நெல்லைக் குற்றி அரிசியாக்கியபின் அதனை மீண்டும் உமியோடு கலந்துவிட்டுச் சுளகைத் தேடுவது போன்றதாகும்.

இப்பிரச்சினையின் வர்க்கப் பரிமாணத்தையும் தவிர்த்துச் செல்ல முடியாது. ஆங்கிலம் அறிந்த விழிப்புலனற்றவருக்கு இவ்விடர்கள் பாதியளவே உண்டு. அவர் கற்கும் கருவியின் கையேடு ஆங்கிலத்தில். அதனைக் கற்பிக்கும் ஒலிப்பாடங்கள் ஆங்கிலத்தில். அவர் நாடும் பக்கங்களும் ஒழுங்காக வாசிக்கப்படும் ஆங்கிலத்தில். தமிழ்மொழி மூலம் பயின்று, கிராமத்துப் பாடசாலையிலிருந்து வரும் மாணவர் 'லிங்க்', 'ஹெடிங்', 'எடிட்', 'கொம்போ பொக்ஸ்' என்னும் சொற்களைப் பொருளறியாத மந்திரங்களாக மனனஞ் செய்கிறார். பயிற்சியளிப்போரும் அவற்றைத் தமிழில் விளக்கக் கூசுகின்றனர். ஆகவே, திரைவாசிப்பான் பயிற்சி ஆங்கிலப் பரீட்சையாகவே உருமாறுகின்றது. அதிற் சித்தியடையாதோர் 'கணினிக்கு ஏற்றவர் அல்லர்' என ஒதுக்கப்படுகின்றனர். சுதேசமொழிக் கல்வியின் பயனாக உருவான பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள், தம் சொந்த மாணவர் தமிழைக் கேட்பதற்கு ஆங்கிலத்தை நிபந்தனையாக்கி வைத்திருப்பது நகைப்புக்குரிய முரண்பாடாகும்.

குரலின் தமிழ் பற்றியும் ஒரு வார்த்தை. இயந்திரக் குரல் எழுத்தை நம்பியே ஒலிக்கின்றது. 'ரிக்கற்', 'ரெலிபோன்' என்று எழுதிவிட்டு அதனை எவ்வாறு ஒலிப்பது என்பதை ஈழத்தவர் பழக்கத்தால் அறிவர். குரலோ எழுத்திலுள்ளவாறே ரகரத்தை உருட்டும். ககரம் எங்கே வல்லொலி, எங்கே மெல்லொலி என்பதிலும் அது பலமுறை தவறுகின்றது. பக்கத்தை அமைத்தோர் 'இது தமிழ்' என்று மொழிக் குறியிடாது விட்டால், குரல் தானாகத் தமிழுக்கு மாறாதிருப்பதும் உண்டு. மொழியியல் பயில்வோருக்கு இதனினும் பயனுள்ள களம் எளிதிற் கிடைக்குமோ தெரியவில்லை. ஒலியனியல் பற்றி ஆண்டுதோறும் எழுதப்படும் ஆய்வேடுகளுள் ஒன்றேனும் ஈழத்துப் பேச்சுக்கு ஏற்ற இயந்திரக் குரலின் விதிகளை எடுத்துக்கொண்டால், அது நூலகத் தட்டில் தூசி படியாது.

சட்டத்தைக் காட்டி அரசை மட்டும் சாடுதலும் இவ்விடத்து வசதியான தப்பித்தலாகவே அமையும். சட்டங்கள் இல்லாமலில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையுடையோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென இயற்றப்பட்டது. 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களின் அணுகுவழிகளைப் பற்றிப் பேசின. ஐக்கிய நாடுகளின் சமவாயத்தில் 2007இல் ஒப்பமிட்ட இலங்கை அதனை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் ஒன்பதாம் உறுப்புரை இணையத்தையும் பெயர் குறித்துச் சொல்கின்றது. அச்சுநூல்களை விழிப்புலனற்றோருக்கேற்ற வடிவிலாக்கப் பதிப்புரிமை தடையாகாதிருக்கச் செய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையிலும் அதே ஆண்டில் இலங்கை இணைந்தது. இவற்றின் பயனாகக் கட்டட வாயில்களிலே சாய்தளங்கள் தோன்றியுள்ளன. சக்கர நாற்காலியில் வருவோருக்கு அவை இன்றியமையாதன. நூலக வாயில் வரை வந்துவிட்ட விழிப்புலனற்றவருக்கு நூலினுள் நுழையும் சாய்தளம் எங்கே என்பதற்கு மட்டும் விடையில்லை. அதனை அமைக்கச் சீமெந்தும் வேண்டாம், கேள்விப்பத்திர அறிவித்தலும் வேண்டாம். ஒரு தமிழ்த்துறை தன் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானித்துவிடக் கூடிய காரியம் அது.

பார்வையுள்ளோர் கற்க வேண்டிய பாடம் எவ்வளவு சிறியது என்பதைக் கூறிவிடுதல் நலம். ஒருங்குறியில் எழுதுதல். தலைப்பைத் தடித்த எழுத்தாக்காமல் தலைப்பாகவே குறித்தல். படத்துக்கு ஒரு வரி விவரணம் எழுதுதல், தமிழிலேயே எழுதுதல். 'இங்கே அழுத்துக' என்று பத்து இணைப்புகளுக்கு ஒரே பெயர் சூட்டாது, ஒவ்வொன்றும் எங்கே கொண்டுசெல்லும் என்பதையே பெயராக்குதல். இவற்றை ஒரு பிற்பகலிற் கற்றுவிடலாம். விழிப்புலனற்ற மாணவர் மாதக்கணக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட விசைச் சேர்க்கைகளை விரல்நுனியில் ஏற்றிக்கொண்டு வாயிலிலே காத்துநிற்க, பட்டங்கள் பல பெற்றோர் ஒரு பிற்பகலைச் செலவிட மறுப்பதே இப்பிரச்சினையின் முழு உருவம்.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டிதழ்கள் இதற்கு விலக்காகிவிட முடியாது. அவற்றின் பின்னிதழ்களுட் பல அச்சுப் பிரதியாகவும், மிஞ்சினாற் படக்கோப்பாகவுமே கிடைக்கின்றன. அவை அச்சுக்குப் போனபோது தட்டச்சுச் செய்யப்பட்ட கோப்புகள் எங்கோ ஓர் அச்சகத்தின் கணினியிலோ, முன்னாள் இதழாசிரியர் ஒருவரின் பழைய குறுந்தட்டிலோ இருக்கக்கூடும். பாமினியிலிருப்பதை ஒருங்குறிக்கு மாற்றும் இலவச மாற்றிகள் உண்டு. ஓர் இதழை மாற்றச் சில நிமிடங்களும், மெய்ப்புப் பார்க்கச் சில நாட்களும் செல்லும். மெய்ப்புப் பார்ப்பதற்குத் திரைவாசிப்பானையே பயன்படுத்தும் விழிப்புலனற்ற மாணவரை விடப் பொருத்தமானவர் கிடைப்பதரிது. கண் தாவிச் செல்லும் எழுத்துப்பிழையைச் செவி உடனே பிடித்துவிடும். இவ்வாண்டு இதழ்க்குழு கூடும்போது, பழைய கோப்புகளைத் தேடியெடுக்கும் பொறுப்பை எவரிடம் ஒப்படைப்பது என்பதை நிகழ்ச்சிநிரலிற் சேர்த்துக்கொள்ளலாம். அச்சகத்துக்குப் புதிய இதழின் கோப்பு அனுப்பப்படும் அன்றே, அதன் ஒருங்குறிப் பிரதியொன்றை நூலகத்துக்கும் அனுப்பிவிடலாம்.